ரிவியூவுக்கு வந்த பாகப்பிரிவினை

சட்ட ஜர்னல்களிலிருந்து ரிவியூவுக்கு, அதாவது வெளியிடுவதற்கு முன் படித்துக் கருத்துச் சொல்ல, வரும் கட்டுரைகளை நான் அடிக்குறிப்பிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். தலைப்பு, சுருக்கம், முன்னுரை எல்லாம் அப்புறம். முன்னுரையை யார் வேண்டுமானாலும் அழகாக எழுதிவிடலாம், எழுதித் தர இப்போது மெஷினே வந்துவிட்டது. அடிக்குறிப்பில் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது. எந்தத் தீர்ப்பை முழுசாகப் படித்தார், எதை இன்னொருவர் கட்டுரையிலிருந்து அப்படியே தூக்கிப் போட்டார், எதில் தீர்ப்பின் தலையில் அச்சிடும் சுருக்கமான ஹெட்நோட்டோடு நின்றுவிட்டார் என்பதெல்லாம் அங்கே பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

எனக்குத் தொழில் தேவகோட்டைக் கோர்ட்டில், வீடு காரைக்குடியில். பெரும்பாலும் சிவில், அதிலும் பாகப்பிரிவினை வழக்குகள். இந்தப் பக்கம் சிவில் பார்க்கிற வக்கீலுக்குப் பாகப்பிரிவினை தெரியாமல் பிழைப்பு இல்லை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகளில் பலவற்றுக்குப் பங்குதாரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்பும் அளவுக்கு இருப்பார்கள், பாதிப் பேர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ. யாரோ ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிடுவார். வாங்கினவர் பிரித்துக் கொடு என்று கேஸ் போடுவார், மற்றவர்கள் 1893ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு, குடியிருக்கும் குடும்ப வீட்டில் அந்நியருக்கு இடமில்லை, அந்தப் பங்கை நாங்களே விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று வருவார்கள். இதைப் பற்றி ஒரு ஜர்னலில் எழுதப்போய்தான் ரிவியூ வேலை என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது. பொதுவாக அப்படித்தான், ஒரு தடவை அவர்களிடம் எழுதினால் அடுத்த தடவை படித்துச் சொல்லக் கட்டுரை வரும்.

எல்லாச் சட்ட ஜர்னல்களும் இப்படி வெளியாள்களிடம் அனுப்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1887இல் தொடங்கிய ஹார்வர்ட் லா ரிவியூ முதல் பெரும்பாலான சட்ட இதழ்களில் கட்டுரையைத் தேர்ந்தெடுப்பதே மாணவர்கள்தான். மருத்துவ ஜர்னலை எம்பிபிஎஸ் மாணவர்கள் நடத்தினால் ஒப்புக்கொள்வோமா என்று மற்ற துறைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நம் ஊரிலும் பெங்களூர் நேஷனல் லா ஸ்கூல் போன்ற இடங்களில் மாணவர் ஆசிரியர் குழுக்கள் நடத்தும் இதழ்கள் உண்டு. மாணவர்கள் அடிக்குறிப்பைச் சரிபார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோர்ட்டில் அந்த வாதம் எடுபடுமா, எந்த இடத்தில் உடையும் என்பது வாய்தா வாய்தாவாக நின்றவர்களுக்குத்தான் தெரியும். அதற்குத்தான் எங்களைப் போன்றவர்களைத் தேடுகிறார்கள்.

ஒரு நாள் எங்கள் ஆபீஸ் குமாஸ்தா அண்ணன், பிரிண்ட் எடுத்து வைத்திருந்த ஒரு கட்டுரையைப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், கட்டுல பார்ட்டி பேரே காணோம்?"

"இதுல பேர் இருக்காதுண்ணே. எழுதினது யாருன்னு எனக்குத் தெரியக் கூடாது, படிச்சது யாருன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது."

"அப்ப பீஸ் யார்கிட்ட வாங்குறது?"

"பீஸ் கிடையாதுண்ணே."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அப்ப வாய்தா வாங்கிக்கிட்டே போகலாம்" என்றார்.

பல ரிவியூவர்கள் செய்வது அதைத்தான். நாலு வாரம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு நாலு மாதம் வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் ஓர் ஆராய்ச்சி மாணவரோ, வேலை நிரந்தரமாகாத உதவிப் பேராசிரியரோ மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். முடியாது என்றால் முதல் நாளே முடியாது என்று எழுதிவிடலாம், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

பேர் மறைக்கிற ஏற்பாடும் பாதி நேரம் சும்மா பேச்சுக்குத்தான். வேர்ட் பைலின் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் எழுதியவர் பெயர் இருக்கும். அதை அழித்திருந்தாலும் "நான் முன்பு எழுதிய கட்டுரையில் நிறுவியபடி" என்று ஒரு வரி வந்து, கீழே அடிக்குறிப்பில் முழுப் பெயரும் வந்துவிடும். அதுவும் இல்லையா, தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் பற்றி ஆழமாக எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? நடையைப் பார்த்தாலே ஆளைப் பிடித்துவிடலாம். அப்படித் தெரிந்துவிட்டால் ஆசிரியர் குழுவுக்கு ஒரு வரி எழுதிவிடுவேன். தெரிந்தவர், ஆனால் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை என்றால் படிக்கலாம். எனக்கு எதிராகக் கேஸ் நடத்துகிறவர் என்றால் தொடவே கூடாது.

இனி ஒரு கட்டுரையைப் பற்றிச் சொல்கிறேன். ரிவியூவுக்கு வந்ததை வெளியே பேசக் கூடாது என்பதால் வெவ்வேறு காலத்தில் படித்த கட்டுரைகளைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். சட்டம் மட்டும் உள்ளது உள்ளபடி.

கட்டுரையின் வாதம் இது. செட்டிநாட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வீடு, ஒரே முகப்பு, ஒரே வளவு என்கிற நடுக்கூடம். ஆனால் ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனிச் செலவுக் கணக்கு. நகரத்தாரின் குலக் கோயிலான நகரக் கோயிலிலும் கல்யாணமான ஆண் மனைவியோடு சேர்த்துத் தனிப் புள்ளியாகக் கணக்கில் ஏறிவிடுவார். ஆகவே கல்யாணத்தன்றே கூட்டுக்குடும்பம் பிரிந்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு கொடுத்தது 2005ஆம் வருஷத் திருத்தச் சட்டம். 2004 டிசம்பர் 20க்கு முன் நடந்த பாகப்பிரிவினைகளை அது தொடாது. எனவே இந்த வீடுகளில் மகள்களுக்குப் பிறப்புரிமைப் பங்கு இல்லை. போதாததற்கு, பெண்ணுக்குத்தான் சீர், சாமான் என்று எல்லாம் கொடுத்தாகிவிட்டதே, அதுதான் வழக்கம் என்று ஒரு தனிப் பகுதி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வேறு வைப்பதைப் பற்றி அவர் எழுதியிருந்த பகுதி நன்றாகவே இருந்தது. களத்தில் போய், வீட்டுக்குள் உட்கார்ந்து, வயசானவர்களிடம் பேசி எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. வீட்டின் இரண்டாவது பகுதியான இரண்டாங்கட்டுக்குப் பின்னால் தனித்தனி அடுப்புகள் இருந்த இடத்தைக்கூட வரைபடமாகப் போட்டிருந்தார். எங்கே இடறியது என்றால், அடுப்பு பிரிந்ததிலிருந்து சொத்து பிரிந்ததற்குத் தாவின இடத்தில்.

தனியாகச் சமைப்பதும் தனியாகக் குடியிருப்பதும் மட்டுமே பாகப்பிரிவினை ஆகாது, கோர்ட்டில் இது பால பாடம். பிரிய வேண்டும் என்ற எண்ணம் வேண்டும், அதை வெளிப்படுத்த வேண்டும், மற்ற பங்காளிகளுக்கு அது தெரிய வேண்டும். ராகவம்மா எதிர் செஞ்சம்மா, ஏ.ஐ.ஆர். 1964 உச்ச நீதிமன்றம் 136, அதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தத் தீர்ப்பு கட்டுரையில் இருந்தது, அதுதான் வேடிக்கை. வேறொரு வாக்கியத்துக்கு ஆதாரமாக, அந்த வாக்கியத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. 1866இல், அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்ன அப்பாவையர் வழக்கும் இருந்தது. கூட்டுக்குடும்பம் என்ற அந்தஸ்தில் பிரிவதற்கும் சொத்தை அளந்து பிரித்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொன்ன வழக்கு அது. அதைப் படித்தவர் அடுப்பை வைத்துப் பாகப்பிரிவினை சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. திருத்தச் சட்டத்தின் 6(5) பிரிவின் கீழ் ஒரு விளக்கம் இருக்கிறது. பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரத்தின் மூலம் நடந்தது, இல்லாவிட்டால் கோர்ட் டிக்ரியின் மூலம் நடந்தது, அவ்வளவுதான். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்று சொல்லி மகள்களை வெட்டிவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த விளக்கம் அது. 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, வாய்மொழிப் பாகப்பிரிவினையை, அரசு ஆவணங்களின் ஆதாரத்தோடு டிக்ரிக்கு நிகராக நிரூபித்தால் மட்டும், அபூர்வமாக ஏற்கலாம் என்றது. கோயில் புள்ளிக் கணக்கு அதில் எங்கே வருகிறது? புள்ளி என்பது கோயில் வரிக்கான கணக்கு. அது வீட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லாது.

கட்டுரையாளர் வினீதா சர்மாவை ஒரே ஓர் அடிக்குறிப்பில் "மேலும் காண்க" என்று ஒதுக்கிவிட்டு, வாதம் முழுவதையும் 2015இல் வந்த பிரகாஷ் எதிர் பூலாவதி தீர்ப்பின் மேல் கட்டியிருந்தார். 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு அது. வினீதா சர்மா அதைக் கவிழ்த்துவிட்டது. கவிழ்ந்த தீர்ப்பைச் சட்டம் என்று ஒரு ஜர்னல் அச்சடித்தால், நாளைக்கு ஏதோ ஒரு ஊரில் ஒரு ஜூனியர் அதை நம்பி மனு எழுதுவார், அந்த மனுவுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பங்கு இருக்கும். ரிவியூவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது இந்த மாதிரி இடங்களைத்தான். நடை சரியில்லை, மேற்கோள் முறை சரியில்லை என்பதெல்லாம் காப்பி எடிட்டர் பார்த்துக்கொள்வார்.

வழக்கம் பற்றிய பகுதிக்கு வந்தால், 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவே அதை முடித்துவிடுகிறது. இந்தச் சட்டம் கையாளும் விஷயங்களில் பழைய வழக்கம் நிற்காது, சட்டமே வெளிப்படையாக விலக்கு கொடுத்திருந்தால் ஒழிய. சீர் கொடுத்தாயிற்று என்பது அப்பச்சிமார்கள் வீட்டில் பேசுகிற பேச்சு. அது நியாயமா இல்லையா என்பது வேறு விஷயம், கோர்ட்டில் அது பதில் இல்லை.

ஒன்று அவருக்குத் தெரியாமலே போயிருந்தது, எனக்கு அதுதான் ஆச்சரியம். தமிழ்நாடு 1989லேயே மகள்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டது. ஆந்திரா 1986, அடுத்து நாம், அப்புறம் 1994இல் கர்நாடகமும் மகாராஷ்டிரமும். நம் சட்டத்தில் ஒரு நிபந்தனை: 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆன பெண்ணுக்குக் கிடையாது. 2005 திருத்தம் வரும் வரை இந்தப் பக்கத்து வழக்குகளில் கல்யாணத் தேதியே பெரிய தகராறு. அந்தத் தேதிக்கு நகரத்தார் வீடுகளில் இசைகுடிமானம் என்ற ஏடு இருக்கிறது, கல்யாணத்தின்போது எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பது. செட்டிநாட்டு மகள்களின் பங்குரிமை என்று தலைப்பு வைத்துக்கொண்டு 1989ஐயும் இசைகுடிமானத்தையும் விட்டுவிட்டால் எப்படி? டெல்லியிலிருந்து எழுதுகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன், அவர்களுக்கு 1956க்கு அப்புறம் நேரே 2005தான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. இசைகுடிமானம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் இந்த ஊர்க்காரி. அவர் எழுதியிருந்த இன்னும் சில விஷயங்கள் எங்கள் ஊரில் அப்படி இல்லை என்றும் எனக்குத் தெரியும். ஆனால் "எனக்குத் தெரியும்" என்பதை ரிவியூவில் எழுத முடியுமா? சாட்சிக் கூண்டில் ஏறாத ஆள் சாட்சி சொல்வது மாதிரி ஆகிவிடும். என் ஊர் என்பதற்காக நான் பார்த்ததெல்லாம் பொது விதியும் ஆகிவிடாது, ஒரு ஊர் வழக்கம் பக்கத்து ஊரில் இருக்காது. ஆகவே, "இது தவறு" என்று எழுதாமல் "இதற்கு என்ன ஆதாரம், எத்தனை குடும்பங்களிடம் பேசினீர்கள், எந்தெந்த ஊர், பேசியவர்களின் சம்மதம் வாங்கினீர்களா" என்று கேட்பேன். இந்தக் கடைசிக் கேள்வியைச் சட்டக்காரர்கள் கேட்பதே இல்லை. தீர்ப்புகளை வைத்தே பழகிவிட்டதால், உயிரோடு இருக்கும் மனிதர்களிடம் பேசி எழுதும்போதும் அவர்களைப் பழைய சட்ட அறிக்கைத் தொகுதிகளின் பார்ட்டிகள் மாதிரியே நடத்துகிறோம். அந்தக் கட்டுரையில் ஒரு குடும்பத்தின் விலாச எழுத்துகள், அதாவது அந்த வீட்டை அடையாளம் காட்டும் முன்னெழுத்துகள், அப்படியே அச்சாகியிருந்தன. விலாசம் தெரிந்தால் வீடு தெரியும், வீடு தெரிந்தால் எந்தப் பங்காளிக்கும் எந்தப் பங்காளிக்கும் பேச்சு இல்லை என்பதும் தெரியும். அதை எடுத்துவிடச் சொல்லி ஆசிரியர் குழுவுக்குத் தனிக் குறிப்பு எழுதினேன்.

இப்போது எங்கள் தொழில்காரர்களுக்கே உள்ள கோளாறு. வக்கீல்கள் மோசமான ரிவியூவர்கள். எதிரில் ஒரு வாதம் வந்தால் அதை உடைத்துத்தான் பழக்கம். கட்டுரையைக் கையில் எடுத்ததும் எதிர்வழக்குரை எழுதத் தொடங்கிவிடுவோம். பத்தி ஒன்றில் சொன்னது மறுக்கப்படுகிறது, பத்தி இரண்டில் சொன்னதை மனுதாரர் நிரூபிக்கட்டும். ஒரு ஜர்னலில் இன்னொரு ரிவியூவரின் குறிப்பை எனக்கும் அனுப்பியிருந்தார்கள், முழுக்கக் குறுக்கு விசாரணை. "கட்டுரையாளர் சட்டக் கல்லூரிக்குப் போயிருக்கிறாரா" என்று ஒரு கேள்வி. அதை அப்படியே எழுதியவருக்கும் அனுப்பிவிட்டார்கள். அந்த ஆள் இனி எழுதுவாரா?

என் முடிவுக்கு நேரெதிரான முடிவு என்பது கட்டுரையை நிராகரிக்கக் காரணம் ஆகாது. வினீதா சர்மா தீர்ப்பு தவறு என்று ஒருவர் எழுதலாம், தாராளமாக. ஆனால் அப்படி ஒரு தீர்ப்பு இருப்பதை ஒப்புக்கொண்டு, அந்தத் தீர்ப்பின் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மோதி எழுத வேண்டும். அந்தத் தீர்ப்பு வரவே இல்லை என்பது போல எழுதுவதைத்தான் ஏற்க முடியாது.

அடிக்குறிப்பில் வழக்கமாகக் கண்ணில் படுகிறவை இன்னும் சில. நீதிபதி ஒரு பக்கத்து வக்கீலின் வாதத்தை நாலு பத்தி எடுத்துச் சொல்லியிருப்பார், பிறகு அதை நிராகரித்திருப்பார்; அந்த நாலு பத்தியைக் கோர்ட் சொன்னதாகப் போட்டிருப்பார்கள். மாறுபட்ட நீதிபதியின் வரிகளைப் பெரும்பான்மைத் தீர்ப்பாகக் காட்டியிருப்பார்கள். ஹெட்நோட்டை மேற்கோள் குறிக்குள் போட்டிருப்பார்கள். ஹெட்நோட் எழுதுவது சட்ட அறிக்கையின் எடிட்டர், அது தீர்ப்பின் பகுதியே அல்ல. இவையெல்லாம் பழைய நோய்கள். புதுசு என்னவென்றால் இல்லாத தீர்ப்பு. பெயர் இருக்கும், வருஷம் இருக்கும், பக்க எண் இருக்கும், புத்தகத்தைத் திறந்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ விற்பனை வரிக் கேஸ் ஓடிக்கொண்டிருக்கும். 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியான்கா வழக்கில் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்காக வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டார்கள். ஜர்னலுக்கு வரும் கட்டுரையில் அபராதம் இல்லை, அதனால் தைரியம் அதிகம். நல்லவேளையாகச் சரிபார்ப்பது இப்போது சுலபம். 2023 ஜனவரியிலிருந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அந்தக் கோர்ட்டின் இணையத் தொகுப்பான இ-எஸ்சிஆரில் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்பெல்லாம் பார் அசோசியேஷன் லைப்ரரியில் மெட்ராஸ் லா ஜர்னல் தொகுதியைப் பூச்சி தட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். செட்டி, செட்டியார் என்று ஒரே ஆளின் பெயர் விதவிதமாக எழுதப்பட்டிருக்கும், தேடுவதற்குள் கோர்ட் கலைந்துவிடும்.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரிவியூவுக்கு வந்த கட்டுரையை அதே சாட்ஜிபிடியில் ஏற்றிச் சுருக்கம் கேட்கிற ரிவியூவர்களும் இருக்கிறார்கள். வெளிவராத ஒருவர் உழைப்பை அனுமதி இல்லாமல் ஊரான் சர்வருக்குக் கொடுப்பது அது. நேரம் இல்லை என்றால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இவ்வளவு மோசமான கட்டுரைகள் ஏன் வருகின்றன என்று கேட்டால், எழுதுகிறவர்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. பிஎச்.டி. முடிக்கக் கட்டுரை, வேலைக்குக் கட்டுரை, பதவி உயர்வுக்குக் கட்டுரை. பணம் வாங்கிக்கொண்டு மூன்று நாளில் "ரிவியூ முடிந்து ஏற்கப்பட்டது" என்று அனுப்பும் ஜர்னல்கள் இந்தப் பசியில் வளர்ந்தவை. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. அப்புறம் தரமான இதழ்களுக்கென்று கேர் பட்டியல் என்று ஒன்று வந்தது. 2022இல் பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையும் கைவிட்டு, இனி அந்தந்தக் கல்வி நிறுவனமே ஜர்னலின் தரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பட்டியல் இருந்தபோது பட்டியலில் நுழைவதற்குப் போட்டி, இப்போது யார் பட்டியல் செல்லும் என்று குழப்பம். ஒரு தீர்ப்பை முழுசாக உட்கார்ந்து படிக்க நேரம் கொடுக்காத ஏற்பாடு எதுவும் இதைச் சரிசெய்யாது என்பது என் எண்ணம்.

அந்த அடுப்புக் கட்டுரைக்கு "பெரிய திருத்தம் தேவை" என்று எழுதினேன். நிராகரிக்கச் சொல்லியிருக்கலாம், வேறு வைப்பதைப் பற்றிய அந்தப் பகுதி என்னை விடவில்லை. இன்னொரு ரிவியூவர் நிராகரித்துவிட்டார் போலிருக்கிறது, ஆசிரியர் குழு எழுதியவருக்கே ஒரு வாய்ப்பு கொடுத்தது. திரும்பி வந்த வடிவத்தில் பூலாவதி போயிருந்தது, சீர் பகுதி போயிருந்தது, விலாசம் போயிருந்தது, 1989 வந்திருந்தது. கூடவே பதில் கடிதத்தில் ஒரு மறுப்பு: தனி அடுப்பு மட்டும் போதாது என்பதை ஏற்கிறேன், ஆனால் தனிக் கணக்குப் புத்தகமும் தனி வருமான வரிக் கணக்கும் சேர்ந்தால் அந்தஸ்தில் பிரிந்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் அல்லவா, 6(5) விளக்கம் அதைத் தடுக்கிறதா? இரண்டு பக்கத்துக்கு, தீர்ப்புகளைப் பத்தி எண்ணோடு காட்டி எழுதியிருந்தார். தடுக்கிறது என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். இந்த வாதத்தைக் கட்டுரைக்குள்ளேயே கொண்டுவரட்டும், பிறகு வெளியிடலாம் என்று எழுதி அனுப்பிவிட்டு, மறுநாள் வாய்தாவுக்கு இருந்த கட்டை எடுத்தேன்.